2024 சைக்கிள் பந்தய ஆண்டு: ஒருவரே எல்லாவற்றையும் வென்ற பிறகு பார்க்க என்ன மிச்சம்?

ஒன்பதுமணி எழுதியது:

அக்டோபர் 12-ஆம் தேதி இத்தாலியில் இல் லொம்பார்டியா சைக்கிள் பந்தயம் முடிந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

பதினைந்து வருடமாக ஆண்கள் சாலை சைக்கிள் பந்தயம் பார்த்து வருகிறேன். டூர் டி பிரான்ஸ் நடக்கும் ஜூலை மாதம் முழுக்க, வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், நம் நேரத்துக்கு இரவு ஒன்பது மணிவாக்கில் கடைசி மலை வரும். என் பெயர்கூட அப்படி வைத்துக்கொண்டதுதான். இந்த வருடம் முதல்முறையாக, கடைசி மலை வருவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நான்கு நாள்.

காரணம் ஸ்லோவேனிய வீரர் தடேய் போகாச்சார். மார்ச்சில் ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தில் 81 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது தனியாகப் பிரிந்து போய் வென்றார். பல நாள் நடக்கும் கத்தலூனியா பந்தயத்தில் நான்கு ஸ்டேஜும் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) மொத்தப் பட்டமும். ஏப்ரலில் பெல்ஜியத்தின் லியேஜ் ஒருநாள் பந்தயம். மே மாதம் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜீரோவில் ஆறு ஸ்டேஜ், இரண்டாவது வந்தவரைவிட 9 நிமிடம் 56 விநாடி முன்னிலை. ஜூலையில் டூரில் இன்னொரு ஆறு ஸ்டேஜ், 6 நிமிடம் 17 விநாடி. அப்புறம் மொந்த்ரியால், சூரிச்சில் உலக சாம்பியன் பட்டம், இத்தாலியில் எமிலியா பந்தயம், கடைசியாக லொம்பார்டியா. ஒரே வருடத்தில் ஜீரோ, டூர், உலகப் பட்டம் மூன்றையும் வென்ற ஆண்கள் அவருக்கு முன்னால் இருவர்தான்: 1974-இல் எடி மெர்க்ஸ், 1987-இல் ஸ்டீபன் ரோச்.

அவர் பெரிய வீரர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஒரு ரசிகனாக எனக்கு இந்த வருடம் வெறுமையாக இருந்தது. உங்களுக்கு எப்படி இருந்தது? நான் எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டேனா?

கற்சாலை எழுதியது:

நண்பரே, நீங்கள் எழுதிய பட்டியலில் ஏப்ரல் முதல் வாரமே இல்லை. அங்கிருந்துதான் நான் தொடங்குவேன்.

மார்ச் 31, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் ஒருநாள் பந்தயம். மழை. கொப்பன்பெர்க் என்று ஒரு மேடு உண்டு, உருண்டைக் கற்கள் பதித்த ஒடுக்கமான பாதை, சில இடங்களில் 20 சதவீதத்துக்கும் மேல் செங்குத்து. கல் ஈரமாகிவிட்டால் பின்சக்கரம் பிடிக்காது. உலகத்தின் தலைசிறந்த சைக்கிள் வீரர்கள் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் மிதித்தே ஏறினார்கள். அவர்களில் நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் பூல் அப்படியே பிரிந்து போனவர் போனவர்தான். கோட்டைத் தாண்டி சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினாரே, அந்த முகத்தில் மகிழ்ச்சியைவிடக் களைப்புதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, பாரிஸ்–ரூபே. 55 கிலோமீட்டருக்கு மேல் கற்சாலை. 60 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது தனியாகப் போய் மூன்று நிமிட வித்தியாசத்தில் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 47.8 கிலோமீட்டர், அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் அதுவரை இருந்ததிலேயே அதிகம். இரண்டையும், முந்தைய ஆண்டின் உலக சாம்பியனுக்கான வானவில் சட்டையோடு வென்றார்.

ஆக, தனியாகப் பிரிந்து போய் வெல்வது போகாச்சார் மட்டும் செய்த காரியமில்லை. உங்களுக்கு அலுப்புத் தட்டுவது ஒருவர் எல்லாவற்றையும் வெல்வதாலா, அல்லது முடிவு சீக்கிரமே தெரிந்துவிடுவதாலா? இரண்டும் வேறு வேறு. ரூபேயில் முடிவு ஒரு மணி நேரத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கற்களில் எந்த நொடியும் டயர் வெடிக்கலாம், சறுக்கலாம். மலையில் அந்தப் பயம் இல்லை. அதனால்தான் மலை வெற்றி உங்களுக்குச் சீக்கிரம் சலிக்கிறது என்று நினைக்கிறேன்.

கணக்கன் எழுதியது:

சின்னக் கணக்கு ஒன்று. போகாச்சார் இந்த வருடம் 58 நாள் பந்தயம் ஓட்டினார். வெற்றி 25. ஜீரோ 7, டூர் 7, கத்தலூனியா 5, ஒருநாள் பந்தயங்கள் 6. (ஸ்டேஜ் வெற்றிகளும் மொத்தப் பட்டமும் சேர்த்து.)

சாலை சைக்கிள் பந்தயத்தில் பத்து வருடம் ஓட்டி ஒரு வெற்றிகூட இல்லாமல் ஓய்வு பெறுபவர்கள் ஏராளம். வருடத்துக்கு ஐந்து வென்றாலே நல்ல ஆண்டு என்பார்கள். 25-ஐ அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

மலைக்காற்று எழுதியது:

ஒன்பதுமணி, உங்களை ஒன்று கேட்கிறேன். ஜூலை 10-ஆம் தேதி இரவும் டிவியை அணைத்துவிட்டீர்களா? லெ லியோரான் ஸ்டேஜ்?

அதைச் சொல்வதற்கு முன் ஏப்ரல் 4-க்குப் போக வேண்டும். ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுப் பந்தயம், நான்காவது ஸ்டேஜ். இறக்கத்தில் ஒரு வலது வளைவு. பாதை ஓரத்தில் மழைநீர் ஓடுவதற்கான சிமெண்ட் கால்வாய். யோனாஸ் விங்கெகோர், ரெம்கோ எவனெபூல், பிரிமோஷ் ரோக்லிச், ஜே வைன் எல்லோரும் ஒரே விபத்தில் விழுந்தார்கள். இரண்டு வருடமாக டூரை வென்றுகொண்டிருந்த விங்கெகோருக்குக் காலர் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலிலும் காயம். 12 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தரையில் அசையாமல் கிடந்த அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அவர் பிழைத்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டிருப்பார்கள். நான் வேண்டிக்கொண்டேன்.

அந்த மனிதர் 97 நாள் கழித்து லெ லியோரானுக்கு வருகிறார். போகாச்சார் பியூ மேரி மலையில் 30 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது பிரிந்து போகிறார். விங்கெகோர் பின்தங்குகிறார். சரி, முடிந்தது என்று நானும் நினைத்தேன். அடுத்த ஏற்றமான பெர்தூஸ் மலையில் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பிடித்துவிட்டார். பிடித்தது மட்டுமில்லை, இருவர் மட்டும் மோதிய கடைசி ஸ்பிரிண்டில் போகாச்சாரை வென்றார். பேட்டியில் அழுதுவிட்டார், பேச்சே வரவில்லை.

டூர் முழுவதுமாகப் பார்த்தால் அவர் தோற்றார். பிலா தாதே, பிளாத்தோ டி பெய், இசோலா என்ற மலை ஸ்டேஜ்கள் எல்லாவற்றிலும் தோற்றார். ஆனால் 2024 என்றால் எனக்கு ஞாபகம் வரப்போவது அந்த ஒரு இரவுதான்.

ஒன்பதுமணி எழுதியது:

மலைக்காற்று, அன்று அணைக்கவில்லை. முழுதும் பார்த்தேன். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பதை மறந்து கத்தினேன். அதை எழுதாமல் விட்டது என் தவறு.

ஆனால் என் வருத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. விங்கெகோர் விழாமல் இருந்திருந்தால்? முழு பலத்தோடு அந்த இருவரும் மோதியிருந்தால்? அந்த டூர் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. மார்ச் 27-ஆம் தேதி பெல்ஜியத்தில் அந்நாட்டு வீரர் வௌட் வான் ஆர்ட்டும் விழுந்தார். ஃபிளாண்டர்ஸ், ரூபே இரண்டுமே அவருக்கு இல்லாமல் போயிற்று. கற்சாலை சொன்ன அந்த இரண்டு ஞாயிறும் அவர் இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் இல்லையா?

கற்சாலை எழுதியது:

இருந்திருக்கலாம். எனக்கும் அந்தக் குறை உண்டு. வான் ஆர்ட்டின் வருடத்தை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. வசந்த காலம் முழுக்கப் போச்சு. ஒலிம்பிக்கில், ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையலில் வெண்கலம். பிறகு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் மூன்று ஸ்டேஜ் வென்று, புள்ளிகளுக்கான பச்சைச் சட்டையிலும் மலை ஏற்றத்துக்கான சட்டையிலும் முன்னிலையில் இருக்கும்போது, 16-ஆவது ஸ்டேஜில் ஈரமான இறக்கத்தில் மறுபடி விழுந்தார். முழங்கால். சீசன் அங்கேயே முடிந்தது.

லிம்மாட்கரை எழுதியது:

நான் சூரிச்சில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. உலகப் பட்டப் பந்தயம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நடந்தது, அதனால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

செப்டம்பர் 29, ஞாயிறு. மகனைக் கூட்டிக்கொண்டு விட்டிகோன் பக்கத்து ஏற்றத்தில் போய் நின்றேன். கனபேர் கூடியிருந்தார்கள். ஸ்லோவேனியக் கொடிகளும் பெல்ஜியக் கொடிகளும்தான் அதிகம். நகரத்துக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிற பாதை என்பதால் ஒரே இடத்தில் நின்றே பல தடவை பார்க்கலாம். முதல் தடவைகளில் பெரிய கூட்டமாக வந்தார்கள். தூரத்தில் இருந்தே சங்கிலிகளும் சக்கரங்களும் சேர்ந்து எழுப்புகிற ஒரு இரைச்சல் வரும், பிறகு காற்று முகத்தில் அடிக்கும், அவ்வளவுதான், போய்விடுவார்கள். டிவியில் அந்தச் சத்தம் தெரியாது.

பிறகு ஒரு தடவை போகாச்சார் முன்னே போகிற சிறு குழுவோடு வந்தார். நூறு கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டார் என்று பக்கத்தில் நின்றவரின் போனில் பார்த்தோம். இது நடக்காது, பிடித்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த சுற்றுகளில் அவரோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கடைசியில் தனியாக வந்தார். வாய் திறந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது, தோள் ஆடியது. ஒன்பதுமணி, டிவியில் உங்களுக்கு அவர் சுலபமாக வெல்வது போலத் தெரிந்திருக்கலாம். நாலு அடி தூரத்தில் நின்று பார்த்த எனக்கு அது சுலபமாகத் தெரியவில்லை. பின்னால் வருகிறவர்கள் அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்று துரத்திக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் பென் ஓ'கானரைவிட 34 விநாடிதான் முன்னால் முடித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் இந்த ஊரில் சந்தோஷம் மட்டும் இருக்கவில்லை. வியாழக்கிழமை ஜூனியர் பெண்கள் பந்தயத்தில் எங்கள் நாட்டுப் பிள்ளை முரியல் ஃபுரர், வயது 18, காட்டுப் பாதை இறக்கத்தில் விழுந்தாள். மழை நாள். விழுந்தது உடனே யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் இறந்துவிட்டாள். உலகப் பட்டப் பந்தயங்களில் வீரர்களுக்குக் காதில் ரேடியோ கிடையாது. வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டுகிற ஒரு சின்னக் கருவிகூட அப்போது எல்லோருக்கும் கட்டாயமில்லை. சாப்பாடு கொண்டுவருகிற பையன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று என் போன் காட்டுகிறது. பந்தயத்தில் ஒரு பிள்ளை காட்டுக்குள் கிடப்பதைக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஞாயிறு காலையில் மகன் அதைத்தான் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

மலைக்காற்று எழுதியது:

லிம்மாட்கரை, எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

ஜூலை 6-ஆம் தேதி, ஆஸ்திரியா பந்தயத்தில் கிராஸ்குளோக்னர் இறக்கத்தில் நார்வே வீரர் ஆந்த்ரே ட்ரேகேயும் இறந்தார். 25 வயது. டூர் நடந்துகொண்டிருந்ததால் பலர் கவனிக்கவே இல்லை. வண்டிகள் வேகமாகிவிட்டன, சக்கரங்கள், டயர்கள், உடைகள் எல்லாம் வேகத்துக்காகவே செய்யப்படுகின்றன. பாதைகள் அதே பழைய பாதைகள். இந்த வருடம் ரூபேயில் ஆரம்பேர்க் காட்டுக்குள் நுழையும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வளைவு ஒன்றை வைத்தபோது பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. முழு வேகத்தில் அந்தக் கற்களுக்குள் பாய்வதைத் தடுக்க ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

அஸ்மாரா எழுதியது:

இவ்வளவு தூரம் வந்தும் ஒருவர்கூட கிர்மாயைப் பற்றிப் பேசவில்லையே!

ஜூலை 1, டூரின் மூன்றாவது ஸ்டேஜ், தூரின் நகரம். எரித்திரியாவைச் சேர்ந்த பினியம் கிர்மாய் ஸ்பிரிண்டில் வென்றார். டூரின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் ஸ்டேஜ் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அத்தோடு நிற்கவில்லை. எட்டாவது ஸ்டேஜ், பன்னிரண்டாவது ஸ்டேஜ் இரண்டையும் வென்று, கடைசிவரை பச்சைச் சட்டையைக் காப்பாற்றி நீஸ் வரை கொண்டுபோனார். இடையில் ஒரு முறை விழுந்தும்கூட.

எரித்திரியாவில் சைக்கிள் எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கதை. இத்தாலியர்கள் ஆண்ட காலத்தில் கொண்டுவந்தது. ஆளவந்தவர்களின் விளையாட்டை அந்த மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அஸ்மாரா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருவில் சைக்கிள் பந்தயம். அந்த ஆட்சியாளர்களின் நாட்டிலேயே, தூரின் நகரத்தில், அவர் கையை உயர்த்தினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. 2022-இலேயே கெண்ட்–வெவல்கெம் வென்றவர்தான். அதே வருடம் ஜீரோவில் ஸ்டேஜ் வென்று, மேடையில் திறந்த மதுபாட்டிலின் தக்கை கண்ணில் பட்டு விலக வேண்டியதாயிற்று. அதன்பின் இரண்டு வருடம் காத்திருந்துதான் இந்த வெற்றி.

பெரிய பணக்கார அணி இல்லை அவருடையது. இண்டர்மார்ஷே அணிக்கு அதற்கு முன் டூரில் ஒரு ஸ்டேஜ் வெற்றிகூடக் கிடைத்ததில்லை. ஒன்பதுமணி, இது நடந்த ஆண்டை வெறுமை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்கன் எழுதியது:

அஸ்மாரா சொன்ன மூன்றாவது ஸ்டேஜுக்கு இரண்டு நாள் கழித்து, ஜூலை 3: செயின்ட் வுல்பாவில் மார்க் கேவண்டிஷ் தன் 35-ஆவது டூர் ஸ்டேஜை வென்றார். மெர்க்ஸின் 34-ஐத் தாண்டினார். வயது 39. அதற்கு முந்தைய டூரில் காலர் எலும்பு உடைந்து வெளியேறியவர். இந்த டூரின் முதல் நாளில் வெயில் தாங்காமல் வாந்தி எடுத்து, நேர வரம்புக்குள் வருவாரா என்றே தெரியாத நிலையில் கடைசியில் வந்து சேர்ந்தார். நான்கு நாளில் வரலாறு.

அந்த முதல் நாளும் அருமையான நாள். ரொமெய்ன் பார்டே, தன் கடைசி டூர் என்று அறிவித்துவிட்டு வந்தவர், ரிமினியில் வென்று டூரில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை வாழ்க்கையில் முதல்முறையாகப் போட்டார். கூடவே வந்த அணித்தோழர் ஃபிராங்க் வான் டென் ப்ரூக்குக்கு அது டூரிலேயே முதல் நாள். துரத்தி வந்த கூட்டம் ஐந்தே விநாடி பின்னால். அந்த இளைஞர் கடைசிவரை முன்னால் நின்று எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டு, பின்னால் வருபவரின் உழைப்பைக் குறைத்து இழுக்கவில்லை என்றால் பார்டேக்கு அந்தச் சட்டை இல்லை.

பால்கனிவாசி எழுதியது:

எல்லோரும் உணர்ச்சிபூர்வமாக எழுதுகிறீர்கள், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் யாரும் தொடாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். பிளாத்தோ டி பெய் மலையில் 1998-இல் இத்தாலிய வீரர் மார்கோ பாந்தானி வைத்த நேரத்தை போகாச்சார் மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைத்தார். பாந்தானியின் காலம் எப்படிப்பட்ட காலம் என்று நமக்குத் தெரியும். ஊக்கமருந்து ஊறிய காலத்தின் நேரங்களை, அது இல்லாமலே இன்று மூன்று நிமிடம் குறைப்பது எப்படி? நான் யார்மேலும் குற்றம் சாட்டவில்லை. பார்க்கும்போது கை தட்ட மனம் வர மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

கணக்கன் எழுதியது:

நியாயமான கேள்வி. இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் கேட்காமல் இருக்க முடியாத கேள்வியும்கூட. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாறியவை: சாப்பாடு. முன்பு பந்தயத்தில் குறைவாகச் சாப்பிட்டு ஓட்டினார்கள். இன்று மணிக்கு 100, 120 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. ஐந்து மணி நேரம் கழித்தும் காலில் எரிபொருள் இருக்கிறது. வண்டி, டயர், உடை எல்லாம் காற்றையும் உராய்வையும் குறைத்துவிட்டன. அன்று அந்த மலையின் பெரும்பகுதியில் விங்கெகோரின் அணி முதலில் கடுமையாக இழுத்தது, பிறகு விங்கெகோரே இழுத்தார். போகாச்சார் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார், கடைசி ஐந்தாறு கிலோமீட்டர்தான் தனியாக. பாந்தானியோ பெரும்பாலும் தனியாக ஏறினார். போகாச்சார் இந்த வருடம் பயிற்சியாளரையும் மாற்றினார், பெடல் தண்டையும் 165 மில்லிமீட்டருக்குக் குறைத்தார்.

இவை எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகுமா? கணிசமான பங்கு ஆகும் என்றுதான் நான் நம்புகிறேன். அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அதே சமயம், உயரமான இடப் பயிற்சியின் பலனை அளக்க சில அணிகள் கார்பன் மோனாக்சைடை மூச்சில் இழுக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன என்ற செய்தி டூர் நடக்கும்போதே வந்தது. அளக்க மட்டும்தான் என்று அணிகள் கூறின. சர்வதேச சைக்கிள் சங்கம் நவம்பரில், அதைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தடை வர வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

கற்சாலை எழுதியது:

நான் வேறு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறேன்: நில்ஸ் பொலிட். ஃபிளாண்டர்ஸில் மூன்றாவது இடம் பெற்று மேடை ஏறியவர். அதே மனிதர் ஜூலையில் கலிபியே மலை அடிவாரத்தில் போகாச்சாருக்காகக் கூட்டத்தின் முன்னால் நின்று, மூச்சு வாங்கி, ஒதுங்கிப் பின்னால் போனார். மேடை ஏறும் தகுதி உள்ளவர்கள் அங்கே தண்ணீர்ப் புட்டி சுமக்கிறார்கள். அதே அணியின் ஜோவாவ் அல்மெய்தா நாளெல்லாம் தலைவருக்காக உழைத்துக்கொண்டே டூரில் நான்காவது வந்தார். தனிமனிதன் வென்ற ஆண்டு என்கிறோம். அவர் தனியாகப் பிரிந்து போகும் அந்த இடம்வரை ஏழு பேர் அவரைக் காற்றே படாமல் கொண்டுவந்து விடுகிறார்கள்.

மலைக்காற்று எழுதியது:

எனக்கு இந்த ஆண்டின் மனிதர் பென் ஓ'கானர். ஜீரோவில் நான்காவது. வுவெல்டாவில் ஆறாவது ஸ்டேஜ், ஹெரெஸ் நகரத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு உள்ளிருந்தே பந்தயத்தைத் தொடங்கினார்கள். அன்று பிரிந்து போய் வென்று, ரோக்லிச்சைவிட ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான முன்னிலையோடு சிவப்புச் சட்டையை எடுத்தார். ரோக்லிச் ஒவ்வொரு மலையிலும் அதைக் கரைத்துக்கொண்டே வந்தார். இரண்டு வாரத்துக்கும் அருகில் தாக்குப்பிடித்து, 19-ஆவது ஸ்டேஜில்தான் சட்டையை விட்டார். ரோக்லிச்சுக்கு அது நான்காவது வுவெல்டா. ஓ'கானர் இரண்டாவது. சூரிச்சிலும் இரண்டாவது. சட்டை போனபிறகு அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளவில்லை, மறுநாளும் போராடி அந்த இரண்டாம் இடத்தைக் காப்பாற்றினார். மத்ரிதில் அவர் கண்ணில் தெரிந்த சந்தோஷம் வென்றவருடையதைவிடக் குறைவாக எனக்குத் தெரியவில்லை.

அஸ்மாரா எழுதியது:

எவனெபூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பாஸ்க் விபத்தில் காலர் எலும்பு உடைந்தவர். முதல் டூரிலேயே மூன்றாவது. பாரிஸ் ஒலிம்பிக்கில் டைம் டிரையல், சாலைப் பந்தயம் இரண்டிலும் தங்கம்; ஆண்களில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டையும் வென்ற முதல் ஆள். கடைசி நாலு கிலோமீட்டருக்குள் டயர் பஞ்சராகி, மாற்று வண்டிக்காகக் கத்திக்கொண்டு நின்றும் வென்றார்.

ஒன்பதுமணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லிம்மாட்கரை எழுதியதைப் படித்துவிட்டு சூரிச் பந்தயத்தின் கடைசி 50 கிலோமீட்டரை மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்த முறை சத்தத்தைக் கூட்டி வைத்து. அந்த வாய் திறந்த முகத்தை இப்போதுதான் கவனித்தேன். ஓ'கானர் கடைசியில் பிரிந்து போனதை அன்று நான் பார்க்கவே இல்லை. அதற்குள் டிவியை அணைத்திருந்தேன். வெறுமை என்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி, ஏப்ரல் 4 நடக்காமல் இருந்திருந்தால் என்ற ஏக்கம். அது போகாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த வருடம் போகாச்சாரை வெல்லக்கூடிய பந்தயம் என்று எதைச் சொல்வீர்கள்?

கற்சாலை எழுதியது:

இத்தாலியின் மிலான்–சான்ரெமோ ஒருநாள் பந்தயம். இந்த வருடம் 288 கிலோமீட்டர். கடைசியில் சிப்ரெஸ்ஸா, போஜியோ என்று இரண்டு ஏற்றம், இரண்டுமே அவ்வளவு செங்குத்து இல்லை. கூட்டத்தின் வேகம் அதிகமாக இருப்பதால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவரை உதற முடியாது. போகாச்சார் போஜியோவில் முயன்றார், வான் டெர் பூல் விடவில்லை. கடைசியில் வான் டெர் பூல் தன் அணித்தோழர் பிலிப்சனுக்காக உழைத்துக் கொடுக்க, பிலிப்சன் வென்றார். மைக்கேல் மேத்யூஸ் இரண்டாவது, போகாச்சார் மூன்றாவது. அதுவரை அவர் வென்றிராத பெரிய பந்தயங்களில் ஒன்று.

ஒன்பதுமணி எழுதியது:

மார்ச் 22, சனிக்கிழமை. குறித்துக்கொண்டேன். அன்றைக்கு இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன், எல்லோரும் வாருங்கள். லிம்மாட்கரை, மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.